தொடுதிரையை வீணாக்காத விளையாட்டுகள்: கையடக்க கேமிங் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியில் ஒரு நின்டெண்டோ 3டிஎஸ், ஒரு ப்ளேஸ்டேஷன் வீட்டா, ஒரு ஸ்விட்ச் மூன்றும் இருப்பது தெரிந்த நாளிலிருந்து நண்பர்கள் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: தொடுதிரை இருக்கிறதே, அதற்கென்றே செய்த நல்ல விளையாட்டு எது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு விளையாட்டு தொடுதிரையை நன்றாகப் பயன்படுத்துகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அந்த விளையாட்டைப் பொத்தான்களுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பேன். ஒன்றும் ஆகாது என்றால் தொடுதிரை அங்கே ஒட்டுப்போட்ட துணிதான். விளையாட்டே காணாமல் போய்விடும் என்றால் அதைப் பட்டியலில் சேர்ப்பேன்.

பொத்தானுக்கு இரண்டே நிலைதான் தெரியும்: அழுத்தியிருக்கிறது, அழுத்தவில்லை. கைக்கோ கோடு இழுக்கத் தெரியும், வட்டம் போடத் தெரியும், கீறவும் சுண்டவும் எழுதவும் தெரியும். அந்தக் கோடு எவ்வளவு நீளம், எந்தச் சாய்வு, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் ஆட்டத்தின் போக்கை மாற்ற வேண்டும். மெனுவில் 'சரி' என்பதை விரலால் தொடலாம் என்பதற்காக மட்டும் எந்த விளையாட்டையும் நான் பரிந்துரைப்பதில்லை.

கைபேசியிலேயே தொடுதிரை இருக்கிறதே, இதற்கென்று தனிக் கருவி எதற்கு?

நியாயமான கேள்வி. கைபேசியில் விரல்தான் எல்லாம். அந்த விரலே பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டிருக்கும். கையடக்கக் கருவியில் ஒரு கை பொத்தானிலும் மறு கை திரையிலும் இருக்கலாம். டிஎஸ் வகைக் கருவிகளில் திரையே இரண்டு. கீழே எழுதுகிறோம், மேலே பார்க்கிறோம், நடுவில் கை குறுக்கிடுவதில்லை. எழுத மெல்லிய ஸ்டைலஸ் குச்சி வேறு உண்டு. இடது கையில் ஓலையையும் வலது கையில் எழுத்தாணியையும் பிடித்து எழுதியவர்களின் இருப்பும் ஏறக்குறைய இதுதான். டிஎஸ்ஸை முதன்முதலில் கையில் எடுத்தபோது எனக்கு அந்தச் சித்திரம்தான் நினைவுக்கு வந்தது.

எந்தெந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

முக்கியமாக நான்கு. 2004 இறுதியில் வெளிவந்து 15 கோடிக்கும் மேல் விற்ற நின்டெண்டோ டிஎஸ். 2011இல் வந்த 3டிஎஸ். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானிலும் 2012 பிப்ரவரியில் மற்ற நாடுகளிலும் வந்த ப்ளேஸ்டேஷன் வீட்டா. 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்ச். தொடுதிரையோடு வந்த முதல் கையடக்க விளையாட்டுக் கருவி டிஎஸ் அல்ல. 1997இலேயே டைகர் என்ற அமெரிக்க நிறுவனம் கேம்.காம் என்றொன்றைக் கொண்டுவந்தது. அது தோற்றுப்போனது, அதில் நான் பரிந்துரைக்க ஒன்றுமில்லை.

இந்த நான்கையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. டிஎஸ், 3டிஎஸ் இரண்டின் கீழ்த்திரையும் அழுத்தத்தை உணர்பவை. மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அடியில் இன்னொரு படலம். குச்சி அழுத்தும் இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் அறியும். ஆனால் அந்தப் புள்ளி ஊசிமுனை அளவுக்குத் துல்லியமானது. வீட்டாவும் ஸ்விட்சும் கைபேசியைப் போல விரலின் மின்னூட்டத்தை உணர்பவை. பல விரல்களை ஒரே நேரத்தில் அறியும், லேசாக வருடினாலே போதும், துல்லியம்தான் குறைவு. டிஎஸ்ஸில் பிறந்த விளையாட்டுகள் எழுதுவதையும் கீறுவதையும் நம்பியிருப்பதற்கும், ஸ்விட்சில் பிறந்தவை தட்டுவதையும் இழுப்பதையும் நம்பியிருப்பதற்கும் இதுதான் காரணம்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால்?

டிஎஸ்ஸில் 2005இல் வந்த 'கிர்பி: கேன்வாஸ் கர்ஸ்'. ஐரோப்பாவில் இதற்கு 'பவர் பெயின்ட்பிரஷ்' என்று பெயர்.

விளையாட்டின் நாயகன் கிர்பியை ஒரு சூனியக்காரி கைகால் இல்லாத பந்தாக மாற்றிவிடுகிறாள். பந்து தானாக உருளும், தானாக எங்கும் ஏறாது. நாம் குச்சியால் வானவில் கோடு ஒன்றைத் தீட்டினால், எந்தத் திசையில் தீட்டினோமோ அந்தத் திசையில் அதன்மேல் உருண்டு போகும். பள்ளம் வந்தால் பாலம் தீட்ட வேண்டும். மேலே போக வேண்டுமென்றால் வளைத்து ஏற்ற வேண்டும். எதிரில் கதிர் பாய்ந்தால் அதே கோட்டைக் குறுக்கே போட்டுச் சுவராக்கலாம். பந்தின்மீது தட்டினால் அது பாய்ந்து முட்டும். எதிரியின்மீது தட்டினால் அவன் திகைத்து நிற்பான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மை. கோடு தீட்டத் தீட்ட மை குறையும். கிர்பி தரையில் நிற்கும்போது விரைவாக நிரம்பும். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் மையை ஊதாரித்தனமாகத்தான் செலவழிப்பார்கள். நீண்ட அலங்காரமான கோடுகள், வளைவுகள், சுழிகள். பிறகு அந்தரத்தில் மை தீர்ந்து பந்து குழியில் விழும். மூன்றாவது உலகத்துக்கு வருவதற்குள் கை சிக்கனம் கற்றுவிடும்: சின்னதாக ஒரு கீற்று, பந்து எம்பும், இன்னொரு கீற்று, திரும்பும். விளையாட்டு இதை எங்கும் எழுதிச் சொல்லித்தருவதில்லை, கையே படித்துக்கொள்கிறது.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிட முழுமையான தொடு விளையாட்டை நான் பார்க்கவில்லை. 2015இல் வீ யூ கருவிக்காக இதற்கு ஒரு தொடர்ச்சி வந்தது. களிமண் பொம்மைத் தோற்றத்தில் அழகாகத்தான் இருக்கும். கையடக்கக் கருவி அல்ல என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

செல்டா விளையாட்டுகளையும் குச்சியால் விளையாடலாமாமே?

ஆமாம், 2007இல் 'ஃபேன்டம் அவர்கிளாஸ்', 2009இல் 'ஸ்பிரிட் டிராக்ஸ்' என்று இரண்டு. முதலாவதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாயகன் லிங்க் குச்சி காட்டும் பக்கம் நடப்பான். கீறினால் வாள் வீசுவான், அவனைச் சுற்றி வட்டம் போட்டால் சுழன்று வெட்டுவான். பூமராங் எறிய வேண்டுமா? அது போக வேண்டிய பாதையைத் தூண்களைச் சுற்றி வளைத்து வரைந்துவிட்டுக் கையை எடுங்கள், அப்படியே போய்விட்டு வரும். கடலில் கப்பல் போகும் வழியையும் வரைபடத்தின்மேல் நாம்தான் தீட்டுகிறோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அந்த வரைபடத்தில் எழுதலாம் என்பது. கல்வெட்டு ஒன்றைப் படிக்கிறீர்கள், எந்த நெம்புகோலை எந்த வரிசையில் இழுக்க வேண்டுமென்று இருக்கிறது. உடனே வரைபடத்தை இறக்கி ஓரத்தில் 1, 2, 3 என்று கிறுக்கிவைத்துக்கொள்கிறீர்கள். பக்கத்தில் காகிதமும் பேனாவும் வைத்து விளையாடிய பழைய பழக்கத்தை அப்படியே கருவிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் மேல்திரையில் இருக்கும் முத்திரையைக் கீழ்த்திரையில் இருக்கும் கடல் வரைபடத்தின்மேல் பதிக்கச் சொல்லும் புதிர் ஒன்று வரும். தட்டுவீர்கள், தேய்ப்பீர்கள், ஊதிக்கூடப் பார்ப்பீர்கள். விடையைச் சொல்ல மாட்டேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள்.

குறை உண்டு. நேரக் கெடு வைத்த ஒரே கோயிலுக்குள் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பொறுமையில்லாதவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம் அந்தக் கோயில்தான், தொடுதிரை அல்ல.

இசை விளையாட்டுகள்?

'ஓசு! தடாகே! ஓவென்டான்'. 2005இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்தது, செய்தவர்கள் ஐனிஸ் நிறுவனத்தார். கறுப்புச் சீருடை அணிந்த உற்சாகக் குழு ஒன்று, வாழ்க்கையில் திணறிக்கொண்டிருக்கும் சாதாரண மனிதர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தி ஆடும். தேர்வுக்குப் படிக்கும் மாணவன், நூடுல்ஸ் கடைக்காரர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கதை. தாளத்துக்கேற்ப எண்ணிட்ட வட்டங்கள் திரையில் தோன்றும். வரிசைப்படி தட்ட வேண்டும், பாதை வந்தால் உருளும் பந்தைக் குச்சியால் தொடர வேண்டும், சக்கரம் வந்தால் வெறிகொண்டு சுழற்ற வேண்டும்.

இதன் ஆங்கில வடிவம் போல 2006இல் 'எலீட் பீட் ஏஜென்ட்ஸ்' வந்தது. மொழிப் பிரச்சினை வேண்டாமென்றால் அதை எடுங்கள். ஜப்பானிய மொழி தெரியாமலேயே ஓவென்டான் விளையாடினேன். கதை படக்கதையாக ஓடுவதால் ஒன்றும் தடைபடவில்லை. டிஎஸ் கேட்ரிட்ஜுகளுக்கு (விளையாட்டு பதிந்த சின்ன அட்டைகள்) நாட்டுப் பூட்டு இல்லை என்பதால் எந்த நாட்டு டிஎஸ்ஸிலும் ஓடும். கணினியில் லட்சக்கணக்கானவர்கள் விளையாடும் 'ஓசு!' இதிலிருந்து கிளைத்ததுதான்.

தட்டும் இடம் திரை முழுக்க இடம் மாறிக்கொண்டே இருப்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. நான்கு பொத்தான்களைத் தாளத்துக்கு அழுத்தும் விளையாட்டில் கை அங்கேயே இருக்கும். இங்கே கை ஆடுகிறது.

ஸ்விட்சில் என்றால் 'வோஸ்'. ஸ்விட்ச் வெளியான அதே நாளில் வந்தது. முதலில் அதைத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடவே முடியாது, கையில் வைத்துத் தொட்டால்தான் உண்டு. பிறகுதான் பொத்தான் வசதி சேர்த்தார்கள். பல விரல்கள் தேவைப்படும் விளையாட்டு என்பதால் ஸ்விட்சின் திரைக்குப் பொருந்துகிறது. வோஸைச் செய்த நிறுவனத்தின் 'டீமோ'வும் கேட்பதற்கு நன்றாக இருக்கும்.

சண்டை, சாகசம் வேண்டும். குச்சியை வைத்துக்கொண்டு சண்டை போட முடியுமா?

'தி வேர்ல்ட் எண்ட்ஸ் வித் யூ' விளையாடிப் பாருங்கள். 2007இல் ஜப்பானில் வந்தது, டோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில் நடக்கும் கதை. நாயகன் நெக்கு அணிந்திருக்கும் ஒவ்வொரு பின்னும் (சட்டையில் குத்தும் வில்லை) ஒரு சக்தி, ஒவ்வொரு சக்திக்கும் ஒரு கையசைவு. எதிரியைக் கீறினால் வெட்டு, வெற்றிடத்தில் தட்டினால் குண்டு, தரையில் இழுத்தால் தீ. ஆறு பின்களை அணிந்துகொண்டு போனால் ஆறு விதமாகக் கை பேச வேண்டும். போதாக்குறைக்கு மேல்திரையில் கூட்டாளி வேறு சண்டை போட்டுக்கொண்டிருப்பார், அவரை இடது கைப் பொத்தான்களால் இயக்க வேண்டும். முதல் நாள் தலை சுற்றும். நான்காம் நாள் இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யத் தொடங்கும்போது வரும் மகிழ்ச்சியே வேறு.

2018இல் இதை 'ஃபைனல் ரீமிக்ஸ்' என்று ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தார்கள். திரை ஒன்றாகிவிட்டதால் இரட்டைச் சண்டை போய்விட்டது. தொலைக்காட்சியில் விளையாடினால் கன்ட்ரோலரைத் திரையை நோக்கிச் சுட்டி ஆட வேண்டும், அது எரிச்சல். ஸ்விட்சில் ஆடுவதாக இருந்தால் கையில் வைத்தே ஆடுங்கள். முடிந்தால் பழைய டிஎஸ் வடிவத்தையே தேடிப் பிடியுங்கள்.

3டிஎஸ்ஸில் 2012இல் வந்த 'கிட் இகாரஸ்: அப்ரைசிங்' இன்னொரு வகை. இடது பெருவிரலால் நகர்ந்து, இடது ஆள்காட்டி விரலால் சுட்டு, வலது கைக் குச்சியால் குறிபார்க்க வேண்டும். குறி அவ்வளவு வேகமாக ஓடும். ஆனால் முழு எடையும் இடது கையில் விழுவதால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு கெஞ்சும். விளையாட்டோடு ஒரு சின்னத் தாங்கியையும் சேர்த்தே விற்றார்கள் என்றால் செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள். மேசைமேல் வைத்து ஆடினால் அருமையான விளையாட்டு. பஸ்ஸில் நின்றுகொண்டு ஆட நினைக்காதீர்கள்.

எனக்கு அவசரம் பிடிக்காது. நிதானமாக விளையாட என்ன இருக்கிறது?

உங்களுக்குத்தான் அதிகம் இருக்கிறது.

'ஈட்ரியன் ஒடிஸி' 2007இல் டிஎஸ்ஸில் தொடங்கிய வரிசை, அட்லஸ் நிறுவனத்துடையது. காட்டுக்குள் சிக்கலான அடுக்கடுக்கான பாதைகள்; மேல்திரையில் கண் முன்னால் இருப்பது மட்டும் தெரியும். வரைபடத்தை யாரும் தரமாட்டார்கள், கட்டம் போட்ட தாளாக விரிந்திருக்கும் கீழ்த்திரையில் நீங்களே வரைய வேண்டும். சுவர் எங்கே, கதவு எங்கே, பெட்டி எங்கே, எந்த மூலையில் உங்களைவிடப் பத்து மடங்கு பலமான விலங்கு உலாவுகிறது என்றெல்லாம் குறிக்க வேண்டும். ஒரு தளத்தை முடித்தபின் அந்த வரைபடத்தைப் பார்த்தால், கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கம்பி இழுத்து முடித்தவருக்கு வரும் நிறைவு வரும். ஒரு கோட்டைத் தவறாகப் போட்டுவிட்டு அதை நம்பிப் போய் முழுக் குழுவையும் பலிகொடுத்திருக்கிறேன். தவறு என் கையெழுத்திலேயே இருந்ததால் யார்மீதும் கோபப்பட முடியவில்லை.

முதல் மூன்று பாகங்கள் 2023இல் ஸ்விட்சுக்கும் வந்துவிட்டன. ஒற்றைத் திரையில் வரைபடம் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்கிறது. விளையாட்டு குறையவில்லை, வரையும் சுகம் குறைகிறது.

புதிர் பிரியர்களுக்கு 'பிக்ராஸ் 3டி'. கன சதுரக் கட்டி ஒன்றை எண்களின் உதவியால் உளியால் செதுக்குவது போல ஒவ்வொரு துண்டாக உடைத்து உள்ளே ஒளிந்திருக்கும் உருவத்தை வெளியே எடுக்க வேண்டும். குச்சியால் கட்டியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பதே பாதி வேலை. 3டிஎஸ்ஸில் வந்த இரண்டாம் பாகம் இன்னும் செழுமையானது. 'லேட்டன்' வரிசையைப் பலருக்கும் தெரியும். அதில் புதிரின்மேலேயே கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் விரியும். அந்தச் சின்ன வசதி இல்லாவிட்டால் பாதிப் புதிர்களை நான் விட்டிருப்பேன். 'ஹோட்டல் டஸ்க்' என்ற துப்பறியும் கதையை டிஎஸ்ஸைப் புத்தகம் போல நிமிர்த்திப் பிடித்து ஆட வேண்டும். தொடுதிரை வேலை குறைவு, வாசிப்பு அதிகம். தமிழில் நிறைய துப்பறியும் கதை படித்து வளர்ந்தவர்களுக்குப் பிடிக்கும்.

அறுவைச் சிகிச்சை செய்யும் விளையாட்டு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

'டிராமா சென்டர்: அண்டர் தி நைஃப்', டிஎஸ், 2005. இதை இயக்கியவர் கஸுயா நினோ. மேலே சொன்ன ஈட்ரியன் ஒடிஸியின் முதல் பாகத்தையும் அவரே இயக்கினார். கையின் நடுக்கத்தை விளையாட்டாக்கியவர், பிறகு கையின் பொறுமையையும் விளையாட்டாக்கினார்.

குச்சிதான் கத்தி. கீறிய இடத்தைத் திறந்து, இடுக்கியால் கண்ணாடித் துண்டை அது நுழைந்த கோணத்திலேயே இழுத்து எடுத்து, காயத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வளைத்துத் தைத்து, மருந்து தடவி மூட வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், நாடித்துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும். கை நடுங்கினால் நோயாளிக்குத்தான் கேடு. மருத்துவ ரீதியாக எல்லாம் அபத்தம்: நட்சத்திரம் வரைந்தால் நேரம் மெதுவாகும், உடலுக்குள் ஒட்டுண்ணிகள் நீந்தும். ஆனால் பதற்றம் உண்மை. நடுவில் கடினம் திடீரென்று செங்குத்தாக ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வீட்டாவின் பின்பக்கத்தில் ஒரு தொடுபலகை இருக்கிறதே, அது எதற்காவது பயன்பட்டதா?

பெரும்பாலும் தொல்லைதான் கொடுத்தது. பிடிக்கும்போதே விரல் அதில் பட்டுவிடும். ஆனால் அந்தப் பலகைக்காகவே பிறந்தது போல ஒரு விளையாட்டு உண்டு: 'டேராவே', 2013, மீடியா மாலிக்யூல் நிறுவனம் செய்தது. உலகமே காகிதத்தால் ஆனது. பின்னால் விரலை அழுத்தினால் தரையைக் கிழித்துக்கொண்டு விரல் உள்ளே முளைக்கும். அதை வைத்து எதிரிகளைத் தள்ளிவிடலாம். மத்தளத் தோல் போன்ற இடங்களில் பின்னாலிருந்து தட்டினால் கதாபாத்திரம் எகிறும். ஓரிடத்தில் அணில் ராஜா தனக்குக் கிரீடம் வேண்டுமென்பார். வண்ணத்தாளில் நீங்களே விரலால் வரைந்து வெட்டித் தர வேண்டும். எவ்வளவு கோணலாக வெட்டினாலும் அதையே தலையில் வைத்துக்கொண்டு கதை முழுக்கப் பெருமையாக உட்கார்ந்திருப்பார். பிற்பாடு இதை ப்ளேஸ்டேஷன் 4க்கு மாற்றிச் செய்தார்கள். விரல் முளைப்பது அதில் இல்லை, அதனால் என் பட்டியலிலும் இல்லை.

'முராசாகி பேபி' (2014) சின்ன விளையாட்டு. பயந்த சிறுமி ஒருத்தியின் கையை விரலால் பிடித்து மெதுவாக நடத்திப் போக வேண்டும். வேகமாக இழுத்தால் விழுந்துவிடுவாள். ஓரிரு மாலைகளில் முடிந்துவிடும், ஆனால் அந்தக் கைப்பிடி நினைவில் நிற்கும்.

ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன சொல்வீர்கள்?

ஸ்விட்சின் பிறவிச் சிக்கலை முதலில் புரிந்துகொள்ளுங்கள். தொலைக்காட்சியில் பொருத்தினால் திரையைத் தொட முடியாது. ஆகவே பெரும்பாலான விளையாட்டுகள் தொடாமலும் ஆடக்கூடியவையாக இருக்க வேண்டியிருக்கிறது. தொடுதிரையை முழுமையாக நம்பிய விளையாட்டுகள் அரிதானதற்கு அதுவே காரணம். இருந்தாலும் சில உண்டு.

முதலில் 'கிளப்ஹவுஸ் கேம்ஸ்: 51 வேர்ல்ட்வைட் கிளாசிக்ஸ்', 2020. உலகெங்கும் உள்ள பலகை ஆட்டங்களையும் சீட்டாட்டங்களையும் ஒன்றாகத் திரட்டியது. இதில் கேரம் இருக்கிறது என்று சொன்னால் நம் ஊர்க்காரர்களின் முகம் மலரும். திரையில் ஸ்டிரைக்கரை நகர்த்திக் குறிபார்த்து அடிக்கலாம். பவுடர் வாசனையும் இல்லை, நகம் வலிப்பதும் இல்லை. அந்த இரண்டும் இல்லாத கேரம் கேரமா என்று என் மாமா கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. மன்காலாவும் இருக்கிறது. நம் பல்லாங்குழியின் உறவுக்கார ஆட்டம்தான், ஆனால் பக்கத்துக்கு ஏழுக்குப் பதில் ஆறு குழி, ஓரத்தில் ஆளுக்கொரு பெரிய குழி. பல்லாங்குழிப் பழக்கத்தில் ஆடினால் முதலில் தோற்பீர்கள். கருவியை மேசையில் படுக்கவைத்து இருபுறமும் இருவர் உட்கார்ந்து ஆடும் ஏர் ஹாக்கிதான் எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது.

'சூப்பர் மரியோ மேக்கர் 2'வில் (2019) நீங்களே மரியோ தளங்களைக் கட்டலாம். கட்டுவதைக் கையில் வைத்துத் தொட்டுச் செய்யுங்கள். தொலைக்காட்சியில் பொத்தான்களால் கட்டுவது கையுறை அணிந்து பூத்தொடுப்பது போன்றது.

'ஒகாமி எச்டி'யில் ஓநாய் வடிவத் தெய்வத்தின் தூரிகையை விரலால் இயக்கலாம். மூல விளையாட்டு 2006இல் தொடுதிரை இல்லாத ப்ளேஸ்டேஷன் 2இல் வந்தது. தூரிகைக்குச் சரியான இடம் கடைசியில் இங்கேதான் கிடைத்தது. 'கொரொகோவா' நான்கு படக்கட்டங்களை நகர்த்தி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கதையை நகர்த்தும் சிறிய அற்புதம். 'ஃப்ளாரன்ஸ்' கைபேசியிலிருந்து வந்தது: மெல்போர்னில் ஒரு பெண், க்ரிஷ் என்ற செல்லோ கலைஞன், ஒரு காதல். முதல் சந்திப்பில் பேச்சுக் குமிழியைச் சேர்க்கப் பல துண்டுகளைப் பொருத்த வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறைந்துகொண்டே வரும். வசனமே இல்லாமல் நெருக்கத்தை விரலுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

2025இல் வந்த ஸ்விட்ச் 2இலும் இதே நிலைதான். திரை பெரிது, சிக்கல் அதே.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

தவிர்க்க வேண்டியவை என்று சொல்ல மாட்டேன். தொடுதிரைக்காக வாங்க வேண்டாதவை என்பேன். டிஎஸ்ஸின் 'காசில்வேனியா: டான் ஆஃப் சாரோ' (2005) அருமையான விளையாட்டு. ஆனால் பெரிய எதிரியை அடித்து வீழ்த்தியபின் குச்சியை அவசரமாக உருவி ஒரு முத்திரை வரையச் சொல்லும். கோடு கோணினால் எதிரி மறுபடி எழுந்துவிடுவான். விரல் நகத்தாலேயே வரைந்து பழகியவர்கள் எத்தனையோ பேர். 2024இல் மறுவெளியீடு செய்தபோது அதைப் பொத்தான்களுக்கு மாற்றிவிட்டார்கள், யாரும் அழவில்லை.

வீட்டாவின் 'அன்சார்டட்: கோல்டன் அபிஸ்' அடுத்தது. ஓடிக்கொண்டே இருப்பவரை நிறுத்தி, கரித்தூள் தேய், பொம்மையைத் துடை என்பார்கள். ஓரிடத்தில் கருவியை வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினால்தான் அடுத்த கட்டம் திறக்கும். இரவில் விளக்கணைத்துப் படுக்கையில் ஆடிக்கொண்டிருந்த நான் எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட வேண்டியிருந்தது.

நான் இடது கைக்காரர்.

கிர்பி, பிக்ராஸ், லேட்டன் எதிலும் பிரச்சினை இல்லை. 'தி வேர்ல்ட் எண்ட்ஸ் வித் யூ'வில் மேல்திரையை வலப்பக்கப் பொத்தான்களாலும் இயக்கலாம். 'கிட் இகாரஸ்' மட்டும் சிரமம். அதற்கு 3டிஎஸ்ஸுடன் பொருத்தும் கூடுதல் துணைக்கருவி தேவைப்படும்.

பழைய கருவி வாங்கப்போகிறேன். டிஎஸ்ஸா 3டிஎஸ்ஸா?

3டிஎஸ். டிஎஸ் கேட்ரிட்ஜுகளும் அதில் ஓடும். தொடங்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் படம் பழைய அளவிலேயே, சிறியதாக ஆனால் கூர்மையாகத் தெரியும். ஆனால் 3டிஎஸ் விளையாட்டுகளுக்கு நாட்டுப் பூட்டு உண்டு: ஜப்பானியக் கருவியில் அமெரிக்க கேட்ரிட்ஜ் ஓடாது. இணையக் கடையில் புதிதாக வாங்குவது 2023 மார்ச்சோடு நின்றுவிட்டது என்பதால் கேட்ரிட்ஜ்தான் வழி. வீட்டாவுக்கும் ஸ்விட்சுக்கும் இந்தப் பூட்டு இல்லை.

விற்பவர் முன்னாலேயே கருவியை இயக்கி, அமைப்புகளில் உள்ள தொடுதிரைச் சரிபார்ப்பைச் செய்து பாருங்கள். பிறகு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நடுவில் அறுந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். குச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தில் எட்டுக் கருவிகளில் இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

திரைக்குக் கண்ணாடி ஒட்டலாமா?

ஸ்விட்சுக்குத் தாராளமாக ஒட்டலாம். டிஎஸ், 3டிஎஸ் கீழ்த்திரைக்கு ஒட்டவே ஒட்டாதீர்கள். அது வளைந்து கொடுத்தால்தான் அழுத்தத்தை அறியும், கண்ணாடி வளையாது. மெல்லிய பிளாஸ்டிக் படலம் போதும். ஓவென்டான் சக்கரத்தைச் சுழற்றினால் அந்தப் படலத்தில் வட்டமாகக் கீறல் விழும், விழட்டும், மாற்றிக்கொள்ளலாம். நான் படலம் கேட்டு ஒரு கடையில் என் 3டிஎஸ்ஸைக் கொடுத்தேன். கைபேசிக்கு ஒட்டும் கண்ணாடியை அளவாக வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். கிர்பிக்குக் கோடு தீட்டத் தீட்ட ஒன்றும் விழவில்லை. திரை செத்துவிட்டது என்று இரண்டு நாள் துக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் நகத்தால் அந்தக் கண்ணாடியின் ஓரத்தைக் கிளப்பிப் பிய்த்தபின் முதல் கீற்றிலேயே பந்து எம்பியது.